எவரெட் உயர்நிலைப் பள்ளிக் கால்பந்து அணியின் 1914ஆம் ஆண்டுப் பருவம்

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் மாநகருக்கு வடக்கே ஒட்டினாற்போல் இருக்கிறது எவரெட் நகரம். அந்நகர உயர்நிலைப் பள்ளியின் கால்பந்து அணி 1914 இலையுதிர் காலத்தில் 13 ஆட்டங்கள் ஆடிப் பதின்மூன்றிலும் வென்றது. எடுத்த புள்ளிகள் 600. கொடுத்த புள்ளி ஒன்றுகூட இல்லை. பருவத்தின் முடிவில், இரண்டே ஆண்டுகளுக்கு முன் தன்னைத் தோற்கடித்திருந்த இல்லினாய் மாநிலத்து ஓக் பார்க் பள்ளியை 80–0 என்று வீழ்த்தியது. அமெரிக்கப் பள்ளிக் கால்பந்தின் வரலாற்றை எழுதியவர்கள் 1914க்கு உரிய 'தேசிய வாகையர்' என்று எவரெட்டைத்தான் குறிக்கிறார்கள். ஆனால் அந்த ஆண்டில் அப்படியொரு பட்டத்தை வழங்கும் அமைப்பு எதுவும் அந்நாட்டில் இருக்கவில்லை. ரயிலேறி வந்து சவால் விட்ட பள்ளிகளும் அதைப் பரபரப்பாக்கிய நாளிதழ்களும் சேர்ந்து உருவாக்கிய பட்டம் அது. 600–0 என்ற கணக்கைப் புரிந்துகொள்ள, ஆட்டத்தின் விதிகளைத் தெரிந்துகொண்டு 1902இலிருந்து தொடங்க வேண்டும்.

ஆட்டமும் விதிகளும்

இங்கே கால்பந்து என்பது கோல் வலைக்குள் பந்தை உதைக்கும் ஆட்டமன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டும் அமெரிக்கக் கால்பந்து. பந்தோடு ஓடுபவரைக் கட்டிப்பிடித்துச் சாய்ப்பதில் நம் சடுகுடுவின் சாயல் உண்டு. எல்லையைத் தாண்டினால் டச் டவுன். கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கட்டைக்கு மேலாகப் பந்தை உதைத்து அனுப்பினால் ஃபீல்டு கோல்.

பந்து கையில் இருக்கும் அணிக்கு இத்தனை முயற்சிகள்தான் என்று ஓர் அளவு உண்டு. ஒவ்வொரு முயற்சிக்கும் டவுன் என்று பெயர். 1905 வரை மூன்று டவுன்களில் ஐந்து கெஜம் முன்னேறினால் போதும். அதனால் கனத்த உடம்புக்காரர்களை ஒன்றாகத் திரட்டி எதிரணியின் நடுவில் மோதவிடுவதே பெரும்பாலோர் கண்ட வழி. கூட்டமாக மோதி, கூட்டமாக விழுந்து, அடியில் அகப்பட்டவர் எலும்பு முறிந்து எழும் ஆட்டமாக அது இருந்தது. 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் 18 பேர் உயிரிழந்ததாக 'சிகாகோ டிரிப்யூன்' கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் பள்ளி மாணவர்கள். அவ்வாண்டு அக்டோபரில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் கால்பந்துப் பொறுப்பாளர்களை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்துப் பேசினார். 1906இல் கல்லூரிகள் கூடி அமைத்த சங்கம், 1910இல் தேசியக் கல்லூரித் தடகளச் சங்கம் என்று பெயர் மாறியது.

விதிகள் அடுத்தடுத்து மாறின. 1906இல் பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடைத்தது. மூன்று டவுன்களில் கடக்க வேண்டிய தூரம் பத்து கெஜமானது. ஓடுபவரை அவரது அணியினரே பின்னாலிருந்து தள்ளுவதும் முன்னாலிருந்து இழுப்பதும் 1910இல் தடை செய்யப்பட்டன. ஆட்டம் நான்கு கால்பகுதிகளாகப் பிரிந்தது. டவுன்கள் நான்காகவும் டச் டவுனின் மதிப்பு ஐந்திலிருந்து ஆறாகவும் ஆனது 1912இல். களத்தின் நீளம் 110 கெஜத்திலிருந்து 100 ஆகக் குறைந்ததும், எறியும் தூரத்துக்கு இருந்த 20 கெஜ வரம்பு நீங்கியதும் அதே ஆண்டில்தான். எவரெட் அணி 1914இல் ஆடியது இந்தப் புதிய ஆட்டத்தை.

கல்லூரிகளுக்குச் சங்கம் வந்துவிட்டது. பள்ளிகளுக்கு நாடு தழுவிய எந்த அமைப்பும் வரவில்லை. விஸ்கான்சின், இல்லினாய் போன்ற சில மாநிலங்களில் மாநில அளவிலான சங்கங்கள் தோன்றியிருந்தன. மற்ற இடங்களில் யார் யாரோடு ஆடுவது, எத்தனை ஆட்டம், எவ்வளவு தூரம் போவது என்பதையெல்லாம் மாணவ மேலாளர்களும் பயிற்சியாளர்களும் கடிதம் எழுதித் தீர்த்துக்கொண்டார்கள்.

ஹைட் பார்க், 1902

தொலைதூரப் பள்ளிகள் மோதும் ஆட்டங்களுக்குப் பேர் வாங்கித் தந்தது சிகாகோ. நகரின் தென்பகுதியில் உள்ள ஹைட் பார்க் உயர்நிலைப் பள்ளி, நியூயார்க்கின் புரூக்ளின் பாலிடெக்னிக் தயாரிப்புப் பள்ளியை (கல்லூரிப் படிப்புக்கு மாணவர்களைத் தயார்செய்யும் பள்ளி) 1902 டிசம்பர் 6 அன்று எதிர்கொண்டது. ஆட்டம் நடந்தது சிகாகோ பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான மார்ஷல் ஃபீல்டு மைதானத்தில். கால்பந்து பிறந்து வளர்ந்தது கிழக்குக் கடற்கரையில்; மேற்கத்தியர்கள் அதைக் கற்றுக்கொள்பவர்கள் என்பதே அன்றைய பொது எண்ணம். ஆட்டம் முடிந்தபோது கணக்கு 105–0. வென்றது ஹைட் பார்க்.

எதிரணியின் நடுவில் மோதிக்கொண்டிருக்காமல், இரு ஓரங்களிலும் விரிந்து வேகமாக ஓடும் ஆட்டம் சிகாகோ பையன்களுடையது. அணியின் தாக்குதலைக் களத்தில் இயக்கும் குவார்ட்டர்பேக் வால்டர் எக்கர்சால் ஒல்லியானவர்; ஓடுவதிலும் பந்தை உதைப்பதிலும் நிகரற்றவர். உடன் ஆடிய சாமுவேல் ரான்சம் கறுப்பின மாணவர்; அணியின் பெரும்பலங்களில் ஒருவர். பல்கலைக்கழகப் பயிற்சியாளர்களின் பார்வை இந்த அணியின் மேல் விழாமல் இருக்குமா? சிகாகோவின் அமோஸ் அலோன்சோ ஸ்டாக், மிச்சிகனின் ஃபீல்டிங் யோஸ்ட் இருவரும் எக்கர்சாலைத் தம் பக்கம் இழுக்கப் போட்டியிட்டார்கள். ரான்சமுக்காக அப்படி யாரும் போட்டியிடவில்லை. அவர் விஸ்கான்சினில் உள்ள சிறிய பெலாய்ட் கல்லூரிக்குப் போனார். யோஸ்ட் பயிற்சியாளராக இருந்த காலம் முழுவதும் மிச்சிகன் அணியில் கறுப்பின வீரர் ஒருவரும் ஆடவில்லை.

எக்கர்சால் ஸ்டாக்கிடம் சேர்ந்தார். ஹைட் பார்க்கிலிருந்து வந்த டாம் ஹாமண்ட் யோஸ்ட்டிடம் போனார். 1905 நன்றி நவிலும் நாளில் (நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை) சிகாகோ 2–0 என்று மிச்சிகனை வென்று, 56 ஆட்டங்களாகத் தோல்வியே காணாதிருந்த அதன் தொடரை முறித்தபோது ஒரே பள்ளியின் பழைய மாணவர்கள் எதிரெதிர் அணிகளுக்கு உரியவர்களாகியிருந்தார்கள். பள்ளி மைதானம் பல்கலைக்கழகங்களுக்கு ஆள் எடுக்கும் இடமாகிவிட்டது என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. 1903இல் சிகாகோவின் நார்த் டிவிஷன் பள்ளி, புரூக்ளினின் பாய்ஸ் ஹை பள்ளியை 75–0 என்று வென்றது. கிழக்கா மேற்கா என்ற வழக்கு அத்தோடு மேற்குக்குச் சாதகமாகத் தீர்ந்ததாகவே சிகாகோ நாளிதழ்கள் எடுத்துக்கொண்டன.

ஓக் பார்க் வருகிறது

சிகாகோவுக்கு மேற்கே உள்ள ஓக் பார்க் 1902இல் தனி ஊராட்சியானது. 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 19,444 பேர். வசதியான குடும்பங்கள், மதுக்கடை இல்லாத தெருக்கள், கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட்டின் வீடும் அவர் கட்டிய யூனிட்டி டெம்பிள் தேவாலயமும் கொண்ட ஊர். 1910இல் அங்குள்ள உயர்நிலைப் பள்ளிக்குப் பயிற்சியாளராக வந்தார் ராபர்ட் ஜப்கி. பெர்லினில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா வந்தவர். மிச்சிகனின் மஸ்கீகன் பள்ளியில் பயிற்சி தந்துவிட்டு வந்தவர். படம் வரைவதில் பெரும் ஈடுபாடு கொண்ட இவர் கால்பந்திலும் புதிது புதிதாக யோசித்தார். எறிந்த பந்தைப் பிடித்தவர் சடக்கென்று அருகில் ஓடிவரும் தன் அணிக்காரரிடம் அதைத் தட்டிவிடும் உத்தியை 1910இல் ஓக் பார்க்கில் தாம் முயன்றதாகச் சொன்னவர் அவர். 'ஃபிளீ ஃபிளிக்கர்' என்ற பெயரில் அது இன்றும் ஆடப்படுகிறது.

ஜப்கி இருந்த 1910 முதல் 1912 வரையிலான மூன்று பருவங்களிலும் ஓக் பார்க் தோற்கவில்லை. ஊருக்குள் வென்றதோடு நிற்காமல் 1910இல் பசிபிக் கரையோரப் பகுதியான ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லேண்டு வரை போய் ஆடியது. 1911இல் மாசச்சூசெட்ஸிலிருந்து வந்த செயின்ட் ஜான்ஸ் தயாரிப்புப் பள்ளியை 17–0 என்று வென்றது. அடுத்த ஆண்டு ஓக் பார்க்கே கிழக்கு நோக்கிப் புறப்பட்டது. அங்கே காத்திருந்த அணி எவரெட்.

ஆலை நகரத்தின் அணி

எவரெட் வேறு மாதிரியான ஊர். 1870இல் மால்டனிலிருந்து பிரிந்து, 1892இல் நகரமானது. 1910இல் மக்கள்தொகை 33,484. மிஸ்டிக் ஆற்றங்கரையில் எரிவாயு, கற்கரி, வேதிப்பொருள் ஆலைகள். அவற்றை நம்பி வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள். பள்ளிக் கால்பந்துக்குப் பாஸ்டன் வட்டாரத்தில் வேர் ஆழம். 1862 முதல் 1865 வரை பாஸ்டன் காமன் பூங்காவில் ஆடிய ஒனைடா கால்பந்துக் கழகம் பள்ளி மாணவர்களால் ஆனதே. அதன் எல்லையை எவரும் கடந்ததில்லை என்று அப்பூங்காவில் ஒரு நினைவுக்கல் பெருமை பேசுகிறது. நீடம், வெல்ஸ்லி ஊர்ப் பள்ளிகள் 1882 முதல் மோதிவருகின்றன. நன்றி நவிலும் நாளில் அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் ஆட்டத்தைப் பார்க்காமல் வான்கோழி விருந்துக்கு உட்காராத குடும்பங்கள் அந்த வட்டாரத்தில் உண்டு.

எவரெட் பள்ளி நாடறிந்த ஒரு வீரரை ஏற்கெனவே தந்திருந்தது. சார்லி பிரிக்லி அங்கு படித்து ஹார்வர்டுக்குப் போனவர்; தரையில் பட்டு எழும் பந்தை உதைத்துக் கம்பங்களுக்கிடையே அனுப்பும் டிராப் கிக்கில் மன்னர். 1913இல் யேலுக்கு எதிராக ஹார்வர்டு எடுத்த 15 புள்ளிகளும் அவர் உதைத்த ஐந்து ஃபீல்டு கோல்களால் வந்தவை.

1909இல் எவரெட்டின் பயிற்சிப் பொறுப்பை ஏற்றவர் கிளியோ ஓ'டானல். ஹோலி கிராஸ் கல்லூரியில் ஆடியவர். மாணவர் தலைவரே பயிற்சி தந்து அணியையும் நடத்துவது முந்தைய தலைமுறைப் பள்ளிகளில் வழக்கம்; ஆண்டுதோறும் தலைவர் மாறுவார், ஆட்டமுறையும் மாறும். ஒரே ஆள் ஏழு பருவங்கள் தொடர்ந்து இருந்தது எவரெட்டுக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு.

1912 நவம்பர் 30 அன்று, அவ்வாண்டு ஏப்ரலில்தான் திறக்கப்பட்டிருந்த பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானத்தில் இரு பள்ளிகளும் சந்தித்தன. ஓக் பார்க்கின் நட்சத்திரம் பார்ட் மக்கோம்பர். பந்தை எறிந்தும் ஏமாற்றியும் ஆடிய ஜப்கியின் பையன்கள் 32–14 என்று வென்றார்கள். ஜப்கிக்கு இந்த வெற்றி பதவி உயர்வுக்குச் சமமானது. 1913இல் இல்லினாய் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. மக்கோம்பரும் பின்னர் அங்கே போய்ச் சேர்ந்தார்.

1914: பதின்மூன்று ஆட்டங்கள்

அந்த இலையுதிர் காலத்தில் ஐரோப்பாவில் போர் மூண்டிருந்தது. பாஸ்டனில் பேச்செல்லாம் விளையாட்டைப் பற்றியே. ஜூலையில் கடைசி இடத்தில் கிடந்த பாஸ்டன் பிரேவ்ஸ் பேஸ்பால் அணி, அக்டோபரில் உலகத் தொடரை நான்கே ஆட்டங்களில் கைப்பற்றியது. நவம்பர் 21இல் யேல் தன் பெரிய புதுக் களத்தைத் திறந்தது; அன்றே அங்கு போய் 36–0 என்று வென்று வந்தது ஹார்வர்டு. அவ்வாண்டு ஹார்வர்டின் அணித்தலைவர் எவரெட்டின் பிரிக்லி. குடல்வால் நோயால் பருவத்தின் பெரும்பகுதியை இழந்திருந்த அவர், அன்று கடைசியில் களமிறங்கி உதைத்துவிட்டுப் போனார்.

எவரெட் பள்ளி வென்றுகொண்டே இருந்தது. 13 ஆட்டங்களில் 600 என்றால் ஆட்டத்துக்குச் சராசரியாக 46 புள்ளிகளுக்கு மேல். கடைசி ஆட்டத்தின் 80ஐக் கழித்தாலும் மற்றப் பன்னிரண்டில் சராசரி 43. ஒரு டச் டவுன், ஒரு ஃபீல்டு கோல் என்று ஆட்டங்கள் முடிந்துகொண்டிருந்த காலத்தில் இது பெருங்கணக்கு.

ஆயினும் 600ஐவிட அதன் எதிரே நிற்கும் பூஜ்யத்துக்குத்தான் மதிப்பு அதிகம். புள்ளி எடுக்காமல் ஓர் ஆட்டத்தில் தோற்பது அன்று எவருக்கும் நேர்வதே. பதின்மூன்று ஆட்டங்களில் ஒரு முறைகூட எதிரணி எல்லையைக் கடக்காமல், ஒரு நல்ல உதையும் கம்பங்களுக்கு நடுவே புகாமல் இருப்பது வேறு செய்தி. பந்து கைதவறுவதற்கும், எறிந்த பந்து எதிரியின் கையில் சிக்குவதற்கும், சேற்றில் கால் வழுக்குவதற்கும் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை எத்தனையோ வாய்ப்புகள். கல்லூரிகளிலும் இதற்கு இணைகள் சிலவே. 1888இல் யேல் 13 ஆட்டங்களில் 700ஐ நெருங்கிய புள்ளிகள் எடுத்து, ஒன்றும் கொடுக்கவில்லை. அந்த அணியில் ஆடியவர் ஸ்டாக். 1901இல் யோஸ்ட்டின் மிச்சிகன் 11 ஆட்டங்களில் 550–0.

அன்றைய ஆட்டம் இன்றையதைவிட வீரர்களிடம் அதிகம் கேட்டது. தாக்குவதற்குப் பதினொருவர், தடுப்பதற்கு வேறு பதினொருவர் என்ற பிரிவினை கிடையாது. புள்ளி எடுத்த அதே பையன்கள்தான் திரும்பி நின்று தடுக்கவும் வேண்டும். தோல் தொப்பி போடலாம், போடாமலும் ஆடலாம். சட்டை எண் கட்டாயமில்லை. பந்து இன்றைய பந்தைவிடப் பருத்தது. எறிவதைக் காட்டிலும் உதைப்பதற்கு ஏற்றது. பயிற்சியாளர் களத்துக்கு வெளியே நின்று யோசனை சொல்வதை விதிகள் தடுத்தன. எந்த டவுனில் ஓடுவது, எப்போது எறிவது, எப்போது உதைத்துவிடுவது என்பதெல்லாம் களத்திலிருக்கும் குவார்ட்டர்பேக்கின் முடிவு. ஓ'டானலின் வேலை வார நாட்களில், பயிற்சித் திடலிலேயே முடிந்துவிட வேண்டும். 600–0 என்ற கணக்கில் அந்த வார நாள் உழைப்புதான் தெரிகிறது.

எதிரணிகளின் நிலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பள்ளிகளைப் பிரிவு பிரிவாக்கும் வழக்கம் அன்று இல்லை. பெரிய பள்ளியும் சிறிய பள்ளியும், நிலையான பயிற்சியாளர் உள்ள அணியும் இல்லாத அணியும் ஒரே களத்தில் நின்றன. எவரெட்டின் பெரிய வெற்றிகளுக்குத் திறமை ஒரு காரணம், இந்த ஏற்றத்தாழ்வு மற்றொன்று.

அதனால்தான் ஓக் பார்க்கை மறுபடி சந்திப்பது தேவைப்பட்டது. அதை வெல்லாதவரை, வலிமை குறைந்தவர்களை அடித்துக் குவித்த கணக்கு என்று 520–0ஐ ஒதுக்கிவிட முடியும். ஓக் பார்க் இப்போது கிளென் திசில்த்வெயிட்டின் பயிற்சியில் இருந்தது. 1914 இலையுதிரில் அப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் எர்னஸ்ட் ஹெமிங்வே. எழுத்தாளராகப் புகழ்பெறப்போகும் அவரும் சில ஆண்டுகளில் பள்ளி அணிக்கு ஆடினார். 1912இல் ஓக் பார்க்குக்கு வெற்றி தேடித் தந்த ஜப்கியும் மக்கோம்பரும் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். அங்கே அதே 1914இல் தங்கள் ஏழு ஆட்டங்களையும் வென்றார்கள். பழிதீர்க்க எவரெட் எதிர்கொண்ட அணி, தன்னை முன்பு வென்ற அணியாக இப்போது இருக்கவில்லை.

கணக்கு 80–0. டச் டவுனில் எண்ணினால், பன்னிரண்டு டச் டவுன்கள் போட்டு அவற்றில் எட்டுக்கு, டச் டவுனுக்குப் பின் உதைத்துப் பெறும் கூடுதல் புள்ளி ஒன்றும் எடுத்தால் வரும் தொகை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஹைட் பார்க் கிழக்கைத் தோற்கடித்த விதத்திலேயே இப்போது கிழக்குப் பள்ளி ஒன்று சிகாகோ வட்டாரத்தைத் தோற்கடித்திருந்தது.

பருவத்துக்குப் பின்

ஓ'டானலையும் பல்கலைக்கழகம் அழைத்தது. 1916இல் இந்தியானாவின் பர்டூ பல்கலைக்கழகத்துக்குப் போய் இரண்டு பருவங்கள் பயிற்சி தந்தார். 1919இல் தாம் படித்த ஹோலி கிராஸுக்குத் திரும்பி 1929 வரை இருந்தார். திசில்த்வெயிட் பின்னாளில் நார்த்வெஸ்டர்ன், விஸ்கான்சின் பல்கலைக்கழகங்களின் பயிற்சியாளரானார். ஜப்கி 1941 வரை இல்லினாயிலேயே இருந்தார். 1920களில் அமெரிக்காவே கொண்டாடிய ரெட் கிரேஞ்ச் அவர் வளர்த்த வீரர்.

பள்ளிகள் ஆயிரம் மைல் ரயிலில் போய் ஆடுவது படிப்பைக் கெடுக்கிறது, பணமும் பந்தயமும் உள்ளே வருகின்றன, பல்கலைக்கழகங்கள் பிள்ளை பிடிக்கின்றன என்று கல்வி அதிகாரிகளிடையே எதிர்ப்பு வலுத்தது. இல்லினாய், இந்தியானா, அயோவா, மிச்சிகன், விஸ்கான்சின் மாநிலங்களின் பள்ளி விளையாட்டுப் பொறுப்பாளர்கள் 1920 மே மாதம் சிகாகோவில் கூடினார்கள். அதிலிருந்து வளர்ந்த கூட்டமைப்பு நாடு முழுவதும் பரவி, தேசிய அளவிலான பள்ளிப் போட்டிகளை எதிர்த்தது. ஸ்டாக் 1917 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடத்திவந்த தேசியப் பள்ளிக் கூடைப்பந்துப் போட்டி 1930இல் நின்றுபோனது. கால்பந்தில் மாநில வாகையர் பட்டமே உச்சம் என்றானது.

'தேசிய வாகையர்' என்ற சொல் மட்டும் பட்டியல் தயாரிப்பவர்களிடம் உயிரோடு இருந்தது. மினசோட்டாவைச் சேர்ந்த ஆர்ட் ஜோல்ஃப்ஸ் பழைய கணக்குகளைத் திரட்டி 1910 வரை பின்னோக்கிச் சென்று ஆண்டுக்கொரு பள்ளியைத் தேர்ந்தெடுத்தார். அவர் பட்டியலில் முதல் ஆண்டுகள் ஓக் பார்க்குக்கு, 1914 எவரெட்டுக்கு. எவரெட் பள்ளி 1990களின் இறுதியிலிருந்து மாசச்சூசெட்ஸ் மாநில வாகையர் பட்டங்களைப் பல முறை வென்று மீண்டும் பேசப்பட்டது. அமெரிக்காவில் பள்ளிக் கால்பந்துக்கு, களத்தில் ஆடித் தீர்மானிக்கும் தேசியப் பட்டம் இன்றுவரை இல்லை; நாளிதழ்களும் தரவரிசை நிறுவனங்களும் ஒவ்வோர் ஆண்டும் தத்தம் முதலிடத்தை அறிவிக்கின்றன.